கெட்டிமேளத்தை வெட்டி ஒட்டிய கதை

என்னுடைய முதல் கல்யாணம் என் அக்காவின் புருஷனோடு நடந்தது. மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க, மணவறையில் இருத்தி, கெட்டிமேளம் முழங்க, அட்சதை தூவி, ஊரறிய நடந்தது. அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது அதற்குப் பிறகுதான். வேண்டுமானால் வீடியோ இருக்கிறது, போட்டுக் காட்டுவார்கள். (அதை ஒழித்துவிட நான் எடுத்த முயற்சியெல்லாம் வீண். கனடாவில் ஒரு பிரதி, லண்டனில் ஒரு பிரதி என்று அது என்னைவிட அதிகம் ஊர் சுற்றிவிட்டது.)

இசை மீது எனக்கிருந்த பற்றுதான் இதற்கெல்லாம் காரணம் என்று இவ்வளவு காலமும் சொல்லி வருகிறேன். தலைக்கனம்தான் காரணம் என்று சொல்பவர்களும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். பெரும்பான்மை அவர்கள்தான்.

அப்போது நான் கண்டி டவுனில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை பார்த்தேன். பெயரைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ஆட்கள் வந்து பிடித்த பாட்டுகளைச் சொல்வார்கள், நாங்கள் வெறும் கசெட்டில் அடித்துக் கொடுப்போம், அவ்வளவுதான். கடை என் கூட்டாளி பைரூஸின் வாப்பாவுடையது. அவருக்கு அக்குறணையில் புடவைக் கடை இருந்தது; பாட்டு என்றாலே தலையிடி. அதனால் கண்டிக் கடையை எங்கள் இரண்டு பேர் கையில் விட்டிருந்தார். வெளியே யுத்த காலம். அடையாள அட்டை இல்லாமல் தேத்தண்ணி குடிக்கக்கூடப் போக முடியாது. உள்ளே நாங்கள் இரண்டு பேரும் தமிழ்ப் பாட்டுக்கு அமெரிக்கத் தாளம் போட்டு உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

இன்றைக்கு ரீமிக்ஸ் செய்ய லெப்டொப் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது பெருவிரல். ஒரு டெக்கில் பாட்டு ஓடும். மற்ற டெக்கில் ரெக்கோர்ட் பொத்தானையும் போஸ் பொத்தானையும் அமுக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வேண்டிய இடம் வந்ததும் விட வேண்டும், முடிந்ததும் அமுக்க வேண்டும். நாலு தட்டுத் தாளத்தைப் பிடித்து, திரும்பச் சுற்றி, அதே நாலு தட்டை அதன் வாலில் ஒட்டி, மறுபடி சுற்றி... ஒரு பாட்டுக்கு அளவான தாளம் சேர்ப்பதற்குள் ஒரு பின்னேரம் போய்விடும், விரலும் வீங்கிவிடும். பிறகு குரலை வேறொரு மெஷினில் ஓடவிட்டு, சின்ன மிக்சர் ஒன்றில் இரண்டையும் கலந்து இன்னொரு கசெட்டில் பிடிப்போம்.

எங்கள் முதல் படைப்பு, காதலன் கைவிட்டுப் போனதால் ஒரு பெண் அழுது பாடும் பழைய பாட்டு. அதற்குப் பைலாத் தாளம், சிங்களக் கொண்டாட்டங்களில் ஆடுகிற துள்ளல் தாளம், போட்டோம். பைரூஸ் கேட்டுவிட்டு, "மச்சான், இவ அழுறாளா, பஸ்ஸப் புடிக்க ஓடுறாளா?" என்றான். குரல் தாளத்துக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. கசெட் மெஷினின் மோட்டாரில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதற்குள் ஒரு திருகாணி. அதைக் கொஞ்சம் திருகினால் பாட்டின் வேகம் கூடும், குறையும். கூடவே குரலும் மெலியும், தடிக்கும். அந்தப் பெண்ணை வேகமாக்கினோம். அணில் மாதிரிக் கீச்சிட்டாள். அவளை விட்டுவிட்டுத் தாளத்தை மெதுவாக்கினோம். செத்த வீட்டுக்குப் போகிற பைலா ஆகிவிட்டது.

இப்படி ஒரு வருஷம் பாட்டுகளை நாசம் செய்த பிறகு எனக்கு ஞானம் பிறந்தது. இரண்டு பாட்டைச் சேர்க்கப் பாஷை ஒன்றாக இருக்கத் தேவையில்லை, நடை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று நடக்க வேண்டும், மற்றது அதன் தோளில் ஏறிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தால் கால் தட்டி விழும். ஹிப்ஹொப் தாளம் ஏன் எதற்கும் பொருந்துகிறது என்றால், அதில் தட்டைவிட இடைவெளி அதிகம். குரல் வந்து உட்கார அங்கே இடம் இருக்கிறது. இதையெல்லாம்விட முக்கியமானது, கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு துண்டு. அதை எதிர்பாராத இடத்தில் கொஞ்சமாகக் காட்டி, உடனே மறைத்துவிட வேண்டும். மறுபடி காட்டி, மறுபடி மறைக்க வேண்டும். ஆள் ஏங்கிப் போய் இருக்கும்போது கடைசியில் முழுசாகக் கொடுக்க வேண்டும். அப்போது அவன் தன்னை அறியாமல் எழும்பிவிடுவான்.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயா அக்கா அப்போது டீச்சராக இருந்தாள். அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த பரமேஸ், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்தவர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. என்னை வளைத்துப்போட நினைத்த பரமேஸ் அத்தான், கனடாவிலிருந்து அவருடைய அண்ணன் அனுப்பிய ராப் கசெட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

"அங்க எங்கட பெடியள் இப்ப இதைத்தான் கேக்கினமாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உமக்கு உதவும், வச்சிரும்."

அந்த நிமிஷமே இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதித்துவிட்டேன். (என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

சம்மதிக்க வேண்டியவர் மாமி, அத்தானின் அம்மா. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுக்கலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அவர் வீதியில் நடந்தால் எதிரே வருகிற ஆண்கள் சேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொள்வார்கள். நாங்கள் நாவலப்பிட்டி ஆட்கள். தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவர். அப்பா டவுனில் சில்லறைக் கடை வைத்து, அதைக் கலவரத்தில் எரியக் கொடுத்துவிட்டு, கண்டிக்கு வந்து ஓர் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். செக்பொயின்டில் அவர்களையும் எங்களையும் தமிழர் என்று ஒரே வரிசையில்தான் நிறுத்துவார்கள். கல்யாணம் என்று வந்தால்தான் நாங்கள் இரண்டு வரிசை.

மாமி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்து, பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பெடியன்ர விருப்பத்துக்கு நான் குறுக்க நிக்கேல்லை. ஆனா எல்லாம் எங்கட முறைப்படி நடக்கவேணும். நேரம் தப்பக்கூடாது, மேளம் தப்பக்கூடாது. கொழும்பில இருக்கிற எங்கட ஆக்கள், என்ன பிழை வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம். ஒரு அபசகுனம் வந்தா, பிறகு உங்கட பிள்ளையைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லுவினம்."

மாமி படியிறங்கிப் போன பிறகு அப்பா திரும்பி வீட்டிலிருந்த எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம பக்கத்துல ஒரு குறையும் வந்துறக் கூடாதுடா குமாரு. ஜெயா அந்த வீட்டுலதான் வாழணும்" என்றார். நான் என்ன செய்துவிடப் போகிறேன் என்று எனக்குக் கோபம் வந்தது.

மேளத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கோஷ்டியைச் சொல்லிவைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தகவல் வந்தது. மேளகாரர் ஆமியின் பயணப் பாஸ் கிடைக்காமல் வவுனியாவில் நிற்கிறார்கள். நல்ல முகூர்த்த நாள் என்பதால் கண்டியிலும் மாத்தளையிலும் இருந்த மேளகாரர் எல்லோருக்கும் வேறு கல்யாணம். மாமியின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நம்பிக்கையோடு பார்த்தார்.

"ஒங்க கடைல நாதஸ்வர கசெட் இருக்கும்ல?"

"இருக்குப்பா."

"அதப் போட்டு விடு. வேற ஒண்ணும் செய்யாத."

கடைசி வசனத்தைத் தவிர மற்றதையெல்லாம் அப்படியே செய்தேன்.

நேரே ஐயரிடம் போய், மாப்பிள்ளை மணவறையில் இருந்ததிலிருந்து தாலி கட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "முக்கால் மணித்தியாலத்தில முடிச்சிடலாம்" என்றார். எனக்குப் புல்லரித்தது. கசெட்டின் ஒரு பக்கமும் முக்கால் மணித்தியாலம்தான்! இதைத் தெய்வச் செயல் என்று எடுத்துக்கொண்டேன். (எந்த ஐயரும் எந்தக் கல்யாணத்தையும் சொன்ன நேரத்தில் முடித்ததாகச் சரித்திரம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.)

கடையின் பெரிய மெஷினும் ஸ்பீக்கர்களும் அக்குறணையில் பைரூஸ் வீட்டில் இருந்தன. அன்று பின்னேரம் முழுக்க அங்கே இருந்து வெட்டினேன், ஒட்டினேன். முதலில் மெல்லிய நாதஸ்வரம். அதன் அடியில் அத்தான் தந்த கசெட்டிலிருந்து எடுத்த தாளம் பூனை மாதிரி வந்து சேரும். நாதஸ்வரம் போய்த் தாளம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். திரும்ப நாதஸ்வரம் வரும். எல்லாம் நன்றாக ஒட்டியது, கெட்டிமேளத்தைத் தவிர. கெட்டிமேளத்துக்கு நடை இல்லை, ஒரே ஓட்டம். இடைவெளியும் இல்லை. அதன் தோளில் எதையும் ஏற்ற முடியாது, அதையும் எதன் தோளிலும் ஏற்ற முடியாது. அதனால் தாளத்தை முழுசாக நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் கெட்டிமேளத்தைத் தனியாக ஒட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் சின்னத் துண்டு, காட்டி மறைப்பதற்கு. கசெட் முடிகிற இடத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில், முழுக் கெட்டிமேளம். என் விதிப்படி மண்டபமே தன்னை அறியாமல் எழும்ப வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் பைரூஸ் வாப்பாவின் வேனில் மெஷினை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் செக்பொயின்ட். ஆமிக்காரர் ஒருவர் வயர்களைப் பார்த்தார், என் அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு கசெட்டைக் கையில் எடுத்தார். அந்தக் காலத்தில் தமிழ்க் கசெட் என்றால் அதற்குள் என்ன பாட்டு இருக்கிறது என்பது உயிர் போகிற கேள்வி. வேனில் போடச் சொன்னார். போட்டோம். நாதஸ்வரம் வந்தது, முகம் மாறவில்லை. தாளம் வந்து சேர்ந்தது, துப்பாக்கிப் பட்டியில் ஒரு விரல் மெதுவாகத் தட்டத் தொடங்கியது. எனக்கு மூச்சு வந்தது. அவர் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னார். முன்னுக்குச் சுற்றிவிட்டோம், கெட்டிமேளத் துண்டு வந்தது. மனிதர் வாயெல்லாம் பல்லாக, "ஆ... மகுல் கெதரட்டத?" என்று கேட்டார். கல்யாண வீட்டுக்கா என்று.

"ஷோக்! யன்ன, யன்ன" என்று கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

தமிழில் ஓர் எழுத்துத் தெரியாத ஒருவருக்கு, ஒரு மூச்சு நேரக் கெட்டிமேளத்தைக் கேட்டவுடனே கல்யாணம் என்று விளங்குகிறது. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, வழி நெடுகப் பைரூஸிடம் ஆமியே ரசிக்கிறது பார் என்று பெருமை பேசிக்கொண்டு வந்தேன்.

மண்டபத்தில் எனக்கு இன்னொரு செய்தி காத்திருந்தது. யாழ்ப்பாண முறையில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளை மாதிரியே வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, மணவறையில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இது அப்பாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். முன்கூட்டிச் சொன்னால் நான் ஏதாவது யோசிக்கத் தொடங்கிவிடுவேன் என்று சொல்லாமல் வைத்திருந்தார்.

"தாலி ஏறும் வரைக்கும் தோழன் எழும்பக்கூடாது" என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மெஷினைப் பைரூஸிடம் ஒப்படைத்தேன். அவன் வாழ்க்கையில் பார்த்த முதல் சைவக் கல்யாணம் இது. மண்டபத்தின் பின்பக்கம் அவனை இருத்தி, மாப்பிள்ளை உட்கார்ந்ததும் போடு, என்ன நடந்தாலும் நிப்பாட்டாதே, நிப்பாட்டினால் நேரக் கணக்குப் பிழைத்துவிடும், நான் கையைத் தூக்கினால் சத்தத்தைக் கூட்டு என்று சொல்லிவைத்தேன். அவன் தலையாட்டினான். பைரூஸ் சொன்ன சொல் தவறாதவன். அதுதான் அன்றைக்குப் பெரிய ஆபத்தாகப் போனது.

மாமியின் ஒழுங்கும் ஒன்று இருந்தது. கடைசி நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் கலவரமாகிவிடும் என்று, வருகிற எல்லோர் கையிலும் பூவும் அட்சதையும் வாசலிலேயே கொடுத்தாகிவிட்டது. ஒரு பக்கம் யாழ்ப்பாண ஆட்கள், மறுபக்கம் நாவலப்பிட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த எங்கள் ஆட்கள், நடுவில் ஒரு பாதை. எல்லோரும் கையை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

அத்தானும் நானும் தலைப்பாகையோடு மணவறையில் இருந்தோம். அக்கா இன்னும் உள்ளே அறையில். நாதஸ்வரம் தொடங்கியது. தாளம் சேர்ந்தது. மாமி கழுத்தைத் திருப்பி ஸ்பீக்கரைப் பார்த்தார். பரவாயில்லை, பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று தாளம் நின்றது. டண்டண டண்டண டண்டண என்று முதல் துண்டு.

மண்டபம் எழும்பியது. யாழ்ப்பாணப் பக்கம், நாவலப்பிட்டிப் பக்கம் என்ற பேதம் இல்லாமல் மொத்தமாக எழும்பியது. இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். யாரும் யோசிக்கவில்லை, யாரும் மணவறையை நிமிர்ந்து பார்க்கவில்லை. கை தானாக வீசிவிட்டது. பூவும் அரிசியும் எங்கள் இரண்டு பேர் தலையிலும் மழையாகக் கொட்டின. போட்டோக்காரர் தொழில் தெரிந்தவர், கெட்டிமேளம் கேட்டதும் அமுக்கிவிட்டார். ஒரு மூச்சு நேரத்தில் துண்டு முடிந்து, மறுபடி தாளம் தொடங்கியது. எல்லோரும் எழும்பி நின்ற இடத்திலேயே விழித்தார்கள்.

தலைப்பாகையிலிருந்து அரிசி வழிய வழிய அத்தான் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, என்ன நடக்குது?"

"அது சும்மா காட்டிட்டு மறைக்கிறது அத்தான்."

"எதை?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாட்டு என்றால் ஆட்கள் கேட்பார்கள். கெட்டிமேளம் கேட்பதற்கு உள்ளதல்ல, அது கட்டளை. அதை எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டினாலும் அது தன் வேலையைத்தான் செய்யும். என் விதி நூற்றுக்கு நூறு சரி. கடவுளே, கொஞ்சம் பிழையாக இருந்திருக்கக் கூடாதா!

நிப்பாட்டச் சொல்லிப் பைரூஸைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவன் பெருவிரலைக் காட்டிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

ஐயர் அட்சதையைத் துடைத்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். அவருக்கு முன்னால் மைக் இருந்தது. அவர் மந்திரமும் என் தாளமும் ஒரே ஸ்பீக்கரில் கலந்து வந்தன. சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன்: நான் செய்த எல்லா ரீமிக்ஸிலும் அதுதான் சிறந்தது. ஐயரின் குரல் அந்த இடைவெளிகளில் அளவெடுத்து வைத்தது போல வந்து உட்கார்ந்தது. சின்னப் பிள்ளைகள் தலையாட்டத் தொடங்கினார்கள். ஐயர் தன்னை அறியாமல் தாளத்தோடு போய், மூச்சு விடாமல் வேகம் பிடித்தார். அரிசி துடைத்ததில் போன நேரத்தில் பாதியை அந்த வேகத்தில் மீட்டுவிட்டார். பயத்துக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு உடனே கூலி கிடைத்தது.

இதென்ன கூத்து என்று என்னிடம் கேட்க அப்பா ஒரு பக்கத்தால் மணவறைக்கு ஏறினார். ஐயரிடம் அதையே கேட்க மாமி மறுபக்கத்தால் ஏறினார். இரண்டு பேரும் நடுவில் சந்தித்து, மரியாதைக்குக் கைகூப்பிய அதே நேரத்தில் இரண்டாவது துண்டு வந்தது. முதல் தடவை எறியாமல் மிச்சம் பிடித்தவர்கள், இது உண்மையான தாலி என்று நினைத்து எறிந்துவிட்டார்கள். மாமியின் கணவர், வாய் பேசாத நல்ல மனிதர், முன்வரிசையில் இருந்தவர், அவரும் பழக்கத்தில் எறிந்தார். அப்பாவும் மாமியும் அரிசி மழையில் கைகூப்பியபடி நின்றார்கள். அம்மா வேறு பக்கம் பார்த்தாள். இந்தப் பகுதியைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

ஐயர் எவ்வளவு வேகம் பிடித்தும் கசெட்டை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அக்கா வந்து இருந்து, சடங்கு முடிந்து, கூறைச் சேலை மாற்ற உள்ளே போனாள். கூறை உடுத்தித் திரும்பி வந்து மண்டப வாசலில் கால் வைத்தாள். அப்போது முழுக் கெட்டிமேளம் தொடங்கியது. ஐயர் "இல்லை, இல்லை" என்று மைக்கில் கத்தினார். யார் கேட்டது? கையில் இருந்த கடைசி மணி வரைக்கும் எல்லோரும் அவள் மீது வீசினார்கள். பிறகு கசெட் முடிந்து, பொத்தான் 'டக்' என்று எழும்பியது. (என்னைக் கதவோடு கட்டிவைத்தான் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.)

மண்டபம் அமைதியானது. இப்போது யார் கையிலும் அட்சதை இல்லை, மேளமும் இல்லை. அக்கா வந்து அத்தானுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் முடியப்போகுது. கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

பைரூஸ் கசெட்டைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்ற சத்தம் மட்டும் வந்தது. அத்தான் தாலியைக் கையில் பிடித்தபடி நின்றார். மேளம் இல்லாமல் தாலி கட்டும்போது யாராவது ஒருவர் தும்மினால் போதும். கொழும்பு ஆட்கள் அதை வைத்தே அக்காவை ஆயுள் முழுக்கக் கொல்வார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் மூக்கைச் சுருக்கத் தொடங்கியிருந்தார். கீழே அப்பா நின்றார். கடை எரிந்த அன்றைக்கு வீதியில் நின்ற அதே மாதிரி, கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

நான் ஐயருடைய மைக்கைப் பிடுங்கினேன். வாயைத் திறந்தேன்.

"டண்டண டண்டண டண்டண டண்டண! பீ... பீப்பீ பீப்பீ! டண்டண டண்டண!"

தவிலும் நானே, நாதஸ்வரமும் நானே. ராப் கசெட்டில் வாயால் தாளம் போடுகிறவர்களைக் கேட்டுப் பழகிய பழக்கம், உதடு தானாக ஓடியது. எச்சில் தெறித்தது. ஐயர் ஒதுங்கினார். அத்தான் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து முடிச்சுப் போடத் தொடங்கினார். நாவலப்பிட்டிப் பக்கம் யாரோ கதிரையில் தட்டினார்கள். அவ்வளவுதான், எங்கள் ஆட்கள் எல்லோரும் தட்டத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒருவர் பித்தளைத் தட்டத்தை எடுத்து அடித்தார். பெரியவர் தும்மினார், வாய் திறந்தது மட்டும்தான் தெரிந்தது, சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. எறிய ஒன்றுமில்லாமல் எல்லோரும் கையைப் பிசைந்தபோது, மாமி குனிந்தார். அதிபர் மாமி, பட்டுச் சேலையோடு, தரையில் கிடந்த அரிசியை இரண்டு கையாலும் வழித்து அள்ளி அக்காவின் தலையில் போட்டார். அதைப் பார்த்து மண்டபமே குனிந்தது.

எனக்கு இதெல்லாம் பாதிதான் தெரியும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தேன். மூன்று முடிச்சும் விழுந்து, மாலை மாற்றி, எல்லோரும் அடங்கிய பிறகும் ஊதிக்கொண்டிருந்தேன். மாமியின் குரல் பள்ளிக்கூட மணி மாதிரிக் கேட்டது.

"ஓம், கட்டியாச்சு. இனி அந்தப் பெடியனை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

முதலில் சிரித்தது கொழும்பு ஆட்கள்தான். பிறகு எல்லோரும். மாமி கடைசியாகச் சிரித்தார், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு. ஒரு அபசகுனத்தைக் கண்டுபிடிக்க வந்தவர்களுக்கு அன்றைக்கு இருந்ததெல்லாம் ஒரே பெரிய கோமாளித்தனம், அதிலிருந்து தனியாக ஒன்றைப் பொறுக்கி எடுக்க முடியாமல் போனது.

பைரூஸ் வந்து என் தலைப்பாகையைத் தட்டிவிட்டான். "நான் என்ன செய்ற மச்சான்? நீ தானே நிப்பாட்ட வாணாம்னு செல்லின. கையத் தூக்கினா கூட்டச் செல்லின. கூட்டின தானே" என்றான். அவன் பக்கம் நியாயம் இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் நான் ஒளிந்திருந்த மூலைக்கு அப்பா வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கையில் ஒரு கிளாஸ் பிளேன்டீ இருந்தது.

"வாய் வலிக்குதா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் அரிசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவரும் நம்பியது போல, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாண அல்பத்தின் முதல் பக்கத்தில் அத்தானும் நானும், இரண்டு தலைப்பாகை, சொரிகிற பூ. அந்த அல்பத்திலேயே தெளிவாக விழுந்த படம் அதுதான். உண்மையான தாலிகட்டுப் படத்தில் எல்லோருடைய முதுகும்தான் தெரிகிறது, குனிந்து அரிசி பொறுக்குகிறார்கள். அத்தான் என்னை ஆட்களுக்கு அறிமுகப்படுத்தும்போது "இவர் என்ர மூத்த தாரம்" என்பார். அக்காவுக்கு என் மேல் கோபம் வந்தால் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். என் மனைவி, நாங்கள் பெண் பார்க்கப் போன அன்றைக்கே முழுக்கதையையும் கேட்டுவிட்டு, நான் இரண்டாம் கல்யாணக்காரன் என்று தெரிந்தேதான் என்னைக் கட்டினாள்.

போன வருஷம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம், கண்டியிலேயே. யுத்தம் முடிந்து பாதையெல்லாம் திறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து அசல் மேளமே வந்தது. என்னை ஸ்பீக்கர் பக்கமே விடவில்லை. அத்தான் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் முன்வரிசையில், சக்கர நாற்காலியில் இருந்த மாமிக்குப் பக்கத்தில் இருத்தினார். "மூத்தவள் முன்னுக்கு இருக்கவேணும்" என்றார். மாமிக்கு இப்போது பேர்கள் மறந்துவிட்டன. மகனையே சில நாள் யாரென்று கேட்பார்.

கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் எழும்பினோம், எறிந்தோம். பழைய ஆட்கள் பாதி அரிசியைத் திருப்பி என் தலையில் எறிந்தார்கள். தாலி ஏறியது. மேளம் நின்றது. அப்படியும் எங்கேயோ டண்டண டண்டண என்று கேட்டுக்கொண்டே இருந்தது. யாரென்று சுற்றிப் பார்த்தேன்.

மாமி என் முழங்காலில் தட்டினார்.

"கட்டியாச்சு தம்பி. நிப்பாட்டும்."